ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சைக்கிள்: நம்மைப் போன்றவர்களை விடுவார்களா?

தெம்ஸ்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் வசந்தகாலத்தில் லண்டனிலிருந்து பாரிஸுக்கு சைக்கிளில் போவதாக நானும் என் மைத்துனரும் திட்டம் போட்டிருக்கிறோம். டோவர் வரை வழி தெரியும். கலேயில் இறங்கிவிட்டால் அங்கிருந்தும் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் கடல்தான் தகராறு.

மைத்துனர் ஒரே பிடிவாதம் பிடிக்கிறார். 2014-இல் சைக்கிள் பந்தய வீரர் கிறிஸ் ஃபுரூம், கடலுக்கடியில் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் ரயில் சுரங்கமான சேனல் டன்னலுக்குள் சைக்கிள் ஓட்டி பிரான்ஸ் போனாரே, நாமும் ஏதாவது அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம், போனால் ஒரு தபால்தலை என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஏன் முடியாது என்று கேட்டால் எனக்குப் பதிலும் தெரியவில்லை. ரயில் ஓடும் இரண்டு குழாய்களுக்கு நடுவே ரயிலே ஓடாத மூன்றாவது குழாய் ஒன்று இருக்கிறதாம். சும்மா கிடக்கும் அந்த வழியை வருடத்தில் ஒரு நாளாவது சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலாறு எழுதியது:

விடமாட்டார்கள். கப்பலில் போங்கள். ஒன்றரை மணி நேரம்தான், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போய்ச் சேரலாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஃபுரூம் விஷயத்தைக் கொஞ்சம் தெளிவுபடுத்திவிடலாம், பலர் அதைச் சாதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2013-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் போட்டியை ஜெயித்தவர் அவர். 2014 போட்டி இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னால் வெளியான விளம்பரம்தான் அந்தச் சுரங்கப் பயணம். அவருடைய அணிக்குத் துணை நின்ற ஜாகுவார் கார் நிறுவனம் எடுத்தது. ஃபோக்ஸ்டன் பக்கம் கிளம்பி பிரான்ஸ் பக்கம் வெளியே வந்தார், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார் என்று செய்தி.

இப்போது கணக்கு. சுரங்கம் வாயிலுக்கு வாயில் 50.45 கிலோமீட்டர். முழுத் தூரத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார் என்றால் சராசரி வேகம் 50-க்கு மேல். அந்தக் கோடையில், ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் அதிகத் தூரம் ஓட்டிய சாதனை என்னவாக இருந்தது தெரியுமா? 2005-இல் செக் நாட்டு ஒன்த்ரெய் சொசென்கா மாஸ்கோவில் ஓட்டிய 49.7 கிலோமீட்டர். (அது பழங்கால சைக்கிள் அமைப்பில்தான் ஓட்ட வேண்டும் என்ற விதியின்கீழ். ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.) சுரங்கத்துக்குள் எதிர்காற்று இல்லை, திருப்பம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சிக்னல் இல்லை. ஏற்ற இறக்கமும் அதிகபட்சம் 1.1 சதவீதம்தான். 90 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் அளவு.

உங்கள் மைத்துனரும் நீங்களும் மணிக்கு 20 என்று மிதித்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். முதல் பாதியில் மெல்ல இறங்குவோம், அடுத்த பாதியில் மெல்ல ஏறுவோம் என்று கற்பனை செய்ய வேண்டாம். மண்ணடுக்கைப் பின்தொடர்ந்து தோண்டியதால் பாதை இறங்கி, ஏறி, மறுபடி இறங்கித்தான் போகும்.

---

தெம்ஸ்கரை எழுதியது:

அருமை. இரண்டரை மணி நேரம் எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆக, உடம்பால் முடியும். அனுமதிதான் பிரச்சினை என்கிறீர்கள்.

---

இரும்புப்பாதை எழுதியது:

ரயில்வேயில் காற்றோட்டமும் தீப்பாதுகாப்பும் பார்க்கிறவன் நான். இந்தச் சுரங்கத்தில் வேலை செய்ததில்லை, ஆனால் எங்கள் துறையில் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லாமல் யாரும் நகர முடியாது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"சும்மா கிடக்கும் வழி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ரயில் ஓடும் குழாய்கள் இரண்டும் 7.6 மீட்டர் விட்டம், ஒன்றுக்கொன்று 30 மீட்டர் தள்ளி. நடுவில் இருப்பது 4.8 மீட்டர் விட்டமுள்ள பணிச் சுரங்கம். ஒவ்வொரு 375 மீட்டருக்கும் குறுக்குப் பாதைகள் இரண்டு ரயில் குழாய்களையும் இதோடு இணைக்கின்றன. ஒவ்வொன்றிலும் கனத்த கதவு. ரயிலில் தீப்பிடித்தால் பயணிகள் ஓடிவர வேண்டிய இடம் இந்த நடுச் சுரங்கம்தான். தீயணைப்பு வீரர்கள் வருவதும் இதன் வழியாகத்தான். 1994-இலிருந்து அது செய்யும் வேலை, காலியாக இருப்பது.

அடுத்தது காற்று. டோவருக்குப் பக்கத்தில் ஷேக்ஸ்பியர் கிளிஃப், அந்தப் பக்கம் சங்காத். இந்த இரண்டு இடத்திலும் உள்ள பெரிய விசிறிகள் பணிச் சுரங்கத்துக்குள்தான் காற்றைத் தள்ளுகின்றன. அதனால் அங்கே அழுத்தம் பக்கத்துக் குழாய்களைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம். எதற்கு? கதவைத் திறந்தால் புகை உள்ளே வரக் கூடாது, உள்ளிருக்கும் நல்ல காற்று வெளியே பாய வேண்டும். அந்த அழுத்தம் நிற்பதற்காக இரு முனைகளிலும் இரட்டைக் கதவுத் தடுப்பு உண்டு. ஒன்று மூடிய பிறகுதான் மற்றொன்று திறக்கும். ஃபுரூம் ஒருவருக்காக அதைத் திறந்து மூடுவது வேறு, ஆயிரம் சைக்கிளை வரிசையாக விடுவது வேறு.

1996 நவம்பர் 18 இரவு நடந்ததைச் சொல்கிறேன். லாரிகளை ஏற்றிவந்த ரயிலில் தீ. ஓட்டுநர் ரயிலை நிறுத்தினார். லாரிக்காரர்கள் இருந்த பெட்டியைச் சுற்றிக் கரும்புகை, கதவைத் திறந்தால் கையை நீட்டினாலும் தெரியாத இருட்டு. குறுக்குப் பாதைக் கதவு திறந்ததும் பணிச் சுரங்கத்தின் காற்று பீறிட்டு வந்து, கதவைச் சுற்றிப் புகையே இல்லாத ஓர் இடத்தை உண்டாக்கியது. அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே வந்தார்கள். ரயிலில் இருந்த 34 பேரும் பிழைத்தார்கள். சுரங்கத்தின் சுவரோ தீயில் வெடித்து உதிர்ந்து, சில இடங்களில் காங்கிரீட் வளையத்தின் பெரும்பகுதி போய்விட்டது. 2008 செப்டம்பரில் அதைவிடப் பெரிய தீ. அப்போதும் ஆட்கள் தப்பியது இதே வழியில்.

இப்போது அந்த 1996 இரவில் கதவுக்கு வெளியே ஒரு சைக்கிள் கூட்டம் நின்றிருந்தால் என்று யோசியுங்கள்.

---

ஓடைமரம் எழுதியது:

இரும்புப்பாதை சொல்வது புரிகிறது. ஆனால் இது எப்போதும் சொல்லும் பதில்தானே? எதைக் கேட்டாலும் "பாதுகாப்பு" என்று ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு மணி நேரம் ரயிலை நிறுத்தட்டும். ரயில் இல்லாவிட்டால் தீ ஏது, தப்ப வேண்டிய பயணி ஏது? டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000-இல் திறப்பதற்கு முன்னால் ஓட்டப்பந்தயமே வைத்தார்கள். அந்த வழியிலும் கடலுக்கடியில் நான்கு கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சேனல் டன்னலிலேயே 1994 பிப்ரவரியில் நிதி திரட்டுவதற்காக மக்கள் நடந்து கடந்திருக்கிறார்கள். ஆக முன்னுதாரணமும் உண்டு.

---

இரும்புப்பாதை எழுதியது:

ஓடைமரம், நீங்கள் சொன்ன இரண்டிலும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: "முன்னால்". ஓரெசுண்டில் ஓடியது திறப்பதற்கு முன்னால். இங்கே நடந்ததும் மே 6-ஆம் தேதி இங்கிலாந்து ராணியும் பிரான்ஸ் அதிபர் மித்தரானும் வந்து திறந்து வைப்பதற்கு முன்னால். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கதையே வேறு.

நான்கு மணி நேரம் நிறுத்துவது என்பதும் லேசான காரியம் இல்லை. பயணிகள் ரயில், கார் ஏற்றும் ரயில், லாரி ஏற்றும் ரயில், சரக்கு ரயில் எல்லாம் இரவு பகல் பாராமல் ஓடும் வழி அது. ராத்திரியில் பராமரிப்புக்காக நிறுத்தினால்கூட ஒரு குழாயில் ஒரு பகுதியை மட்டும் மூடிவிட்டு மற்றதில் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதற்காகவே கடலுக்கடியில் இரண்டு இடங்களில் தண்டவாளம் மாறும் பெரிய குகைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு ஆட்களும் பொருளும் போய்வருவது எந்த வழியில்? நடுச் சுரங்கத்தில்தான். அதற்கென்றே இரண்டு பக்கமும் ஓட்டுநர் இருக்கை வைத்த ஒல்லி வண்டிகள் உண்டு, உள்ளே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது என்பதால். தரைக்குள் புதைத்த கம்பியை உணர்ந்து அதன் மேலேயே ஓடக்கூடியவை.

ஆக ரயில் ஓடும்போது அது அவசர வழி, ஓடாதபோது வேலைக்காரர்களின் வழி. உங்கள் நான்கு மணி நேரத்தை எங்கே செருகுவது?

---

ஓடைமரம் எழுதியது:

ஃபுரூமுக்கு மட்டும் எப்படிச் செருகினார்கள்?

---

இரும்புப்பாதை எழுதியது:

ஒரே ஆள், கூடவே வண்டி, எங்கே இருக்கிறார் என்பது கட்டுப்பாட்டு அறைக்கு நொடிக்கு நொடி தெரியும். ஏதாவது நடந்தால் ஒரு நிமிடத்தில் வண்டிக்குள் ஏற்றி அப்புறப்படுத்திவிடலாம். பணமும் விளம்பரமும் இருப்பவருக்குக் கதவு திறக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்கப்போவதில்லை.

---

பழையபேப்பர் எழுதியது:

சுவாரசியமான இழை. மாட்கோச் சாலையாகவே இதை யோசித்த காலமும் உண்டு என்பதால் உள்ளே வருகிறேன்.

1802-இல் ஆல்பெர் மாத்தியூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் போட்ட முதல் திட்டத்தில் ரயிலே கிடையாது (ரயில் என்ற ஒன்றே அப்போது வரவில்லை). குதிரை வண்டி போகும், எண்ணெய் விளக்கு எரியும், கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கிகள் வழியாகக் காற்று வரும், நடுக்கடலில் ஒரு செயற்கைத் தீவில் குதிரையை மாற்றிக்கொள்ளலாம்! 1880-களில் நிஜமாகவே இரு கரையிலும் தோண்டத் தொடங்கினார்கள். பிரெஞ்சுப் படை இந்த வழியாக நுழைந்துவிடும் என்று இங்கிலாந்தில் கிளம்பிய பயத்தில் நின்றது. 1970-களில் மறுபடி தொடங்கி, 1975 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு கைவிட்டது.

1985-இல் ஒப்பந்தப் புள்ளி கேட்டபோது வந்த திட்டங்களில் காரை நேரே ஓட்டிக்கொண்டு போகும் வழிகளும் இருந்தன. ஒன்று பாதி பாலம் பாதி சுரங்கம், நடுவில் செயற்கைத் தீவுகள். இன்னொன்று முழுக்கத் தொங்குபாலம். பிரதமர் தாட்சருக்கே கார் ஓட்டும் வழிதான் பிடித்திருந்தது என்பார்கள். 1986 ஜனவரியில் ரயில் சுரங்கம் தேர்வானது. 50 கிலோமீட்டர் நீளக் குழாயில் கார்ப்புகையை எப்படி வெளியேற்றுவது, அவ்வளவு நேரம் ஒரே மாதிரி சுவரைப் பார்த்து ஓட்டுகிறவர் கண் அசந்துவிட்டால் என்ன செய்வது என்பவை சாலைத் திட்டங்களுக்கு எதிராக நின்ற பெரிய கேள்விகள்.

சைக்கிளுக்குப் புகை இல்லை. கண் அசரும் கேள்வி மட்டும் நமக்கும் உண்டு. இரண்டரை மணி நேரம் சாம்பல் நிறச் சுவரும் குழாய்களும் கேபிளும். கடல் மேலே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான், ஒரு துளிகூடக் கண்ணில் படாது.

இன்னொன்று. 1994 டூர் டி பிரான்ஸே இந்தச் சுரங்கத்தைக் கடந்திருக்கிறது. கலேயிலிருந்து சுரங்க முனையம் வரை அணிகளின் நேரப்போட்டி ஒரு நாள், அடுத்த கட்டம் டோவரில் தொடக்கம். சுரங்கம் திறந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. உலகின் தலைசிறந்த சைக்கிள் வீரர்கள் அத்தனை பேரும் கடலுக்கடியில் எப்படிப் போனார்கள்? ரயிலில் உட்கார்ந்து.

---

பழையபேப்பர் எழுதியது:

மேலே "மாட்கோச் சாலை" என்று விழுந்திருப்பது "வண்டிச் சாலை". தட்டச்சு செயலியின் உபயம்.

---

பனிநாடு எழுதியது:

நான் நார்வேயில் இருக்கிறேன். கடலுக்கடியில் சைக்கிள் ஓட்டியே தீருவேன் என்று யாராவது அடம்பிடித்தால் இங்கே வாருங்கள். வடமுனை என்று சொல்லும் நோர்ட்காப்புக்குப் போகும் வழியில் 1999-இல் திறந்த சாலைச் சுரங்கம் இருக்கிறது. நீளம் 6.87 கிலோமீட்டர், ஆழம் கடல்மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர். சைக்கிளுக்குத் தடை இல்லை. எல்லாச் சுரங்கத்திலும் இப்படி விடமாட்டார்கள், பல இடங்களில் தடைதான்.

சேனல் டன்னலின் மிக ஆழமான இடமே சுமார் 115 மீட்டர்தான் என்று படித்திருக்கிறேன். ஆக எங்களூர்ச் சுரங்கம் நீளத்தில் குட்டி, ஆழத்தில் பெரியண்ணன். விளைவு? ஏற்றம் ஒன்பது சதவீதம். கணக்குப்பிள்ளை சொன்ன 1.1-ஐ நினைத்துக்கொண்டு வந்தால் பாதியில் இறங்கித் தள்ளுவீர்கள்.

நான் போனது கோடையில். வெளியே நல்ல வெயில், வாயிலைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அறைந்தது. இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது, கண்ணாடியில் ஈரம் படிந்தது. இறக்கம் முடிந்ததும் மேலாடையைக் கழற்றாமல் ஏறத் தொடங்கினால் வியர்வையில் நனைந்து, மறுவாயிலில் காற்று பட்டதும் நடுங்க வேண்டியதுதான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சத்தம்! மேலே தொங்கும் விசிறிகள் ஒரு பக்கம். ஒரே ஒரு சுற்றுலாப் பேருந்து அந்தக் கோடியில் நுழைந்தால் போதும், பின்னால் வருகிறதா முன்னால் வருகிறதா என்றே தெரியாமல் சுவரெல்லாம் உறுமும். நிமிடக்கணக்கில் உறுமிய பிறகுதான் வண்டியே கண்ணில் படும். நான் பேருந்து வரும்போதெல்லாம் ஓரம் கட்டி, சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். காதுக்குப் பஞ்சு, பின்விளக்கு இரண்டு, பளபளக்கும் மேலங்கி. இந்த மூன்றும் இல்லாமல் நுழையாதீர்கள்.

இரு நாட்டுக்கு நடுவே இல்லை என்பது மட்டும்தான் குறை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஜப்பானில் கன்மோன் நடைச் சுரங்கமும் பட்டியலில் சேரட்டும். ஷிமோனோசெகிக்கும் மோஜிக்கும் நடுவே கடலுக்கடியில் 780 மீட்டர், 1958-இலிருந்து இருக்கிறது. நடுவில் இரண்டு மாகாணங்களுக்கும் எல்லைக்கோடு தரையிலேயே போட்டிருப்பார்கள். நடப்பவருக்கு இலவசம், சைக்கிளுக்கு 20 யென், ஆனால் ஏறி ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மின்தூக்கியில் சைக்கிளோடு இறங்கலாம்.

---

பாலாறு எழுதியது:

ஆக மொத்தம் காசு கொடுத்துத் தள்ள வேண்டும்.

---

புதுவரவு எழுதியது:

நம் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இப்படிச் சுரங்கம் போட்டால் அதில் சைக்கிள் பாதை கேட்கலாமா?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். முன்பு ஒரு முறை அது எங்கே போய் முடிந்தது என்று பலருக்கு நினைவிருக்கும்.

---

ஓடைமரம் எழுதியது:

சரி, அனுமதி இல்லாமல் யாராவது போயிருக்கிறார்களா? சும்மா ஆர்வத்துக்காகக் கேட்கிறேன், முயற்சி செய்யப்போவதில்லை!

---

பழையபேப்பர் எழுதியது:

போயிருக்கிறார்கள், ஆனால் அது ஆர்வக் கதை இல்லை. 2015 கோடையில் கலேயில் ஆயிரக்கணக்கான அகதிகள் முகாமிட்டிருந்த காலம். இரவில் வேலியைத் தாண்டி முனையத்துக்குள் நுழைய முயன்றவர்களில் பலர் ரயிலிலும் லாரியிலும் அடிபட்டு இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் சூடான் நாட்டவர் ஒருவர் சுரங்கம் முழுவதையும் ஏறக்குறைய நடந்தே கடந்து இங்கிலாந்துப் பக்கம் பிடிபட்டார். நடந்தது பணிச் சுரங்கத்தில் அல்ல, ரயில் ஓடும் குழாயில். ரயில்கள் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகும் இடம், ஓரத்தில் குறுகிய நடைமேடை, கும்மிருட்டு. ரயிலுக்கு இடையூறு செய்ததாக 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். பின்னர் அவருக்கு இங்கிலாந்தில் அடைக்கலம் கிடைத்தது.

அதற்குப் பிறகு கலே பக்கம் போட்ட வேலிகளையும் கேமராக்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். "கடிதம் எழுதிக் கேட்கலாம்" என்ற மைத்துனர் யோசனை எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறீர்கள்? இரு நாட்டு எல்லைக் காவல், இரு நாட்டுத் தீயணைப்பு, சுரங்க நிறுவனம், அதன் மேல் இரு அரசுகளும் சேர்ந்த பாதுகாப்புக் குழு. எந்த மேசையிலும் ஒருவர் "வேண்டாம்" என்றால் முடிந்தது.

---

லாச்சப்பல் எழுதியது:

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். லண்டன் சொந்தக்காரர் கலியாணம், கோயில் தேர் என்று இந்தச் சுரங்கத்தால் எத்தனையோ தடவை போய்வந்தாச்சு, எல்லாம் காரில்தான். காரோடு ரயிலுக்குள் ஏறி, காருக்குள்ளேயே இருந்து 35 நிமிஷத்தில் அந்தப் பக்கம். உங்களுக்கு வேண்டியது சைக்கிள் வழி. அதைச் சொல்கிறேன், எங்கட பெடியள் செய்தவங்கள்.

முதலாவது, சைக்கிளை லெ ஷட்டில் என்ற அந்தக் கார் ஏற்றும் ரயிலில் கொண்டுபோகலாம், ஆனால் முனையத்துக்குள் மிதித்துக்கொண்டு போக ஏலாது. அந்த முனையத்துக்கு வழி எம்20 மோட்டார்வேயில் இருந்து நேரே இறங்குகிறது, அந்தச் சாலையில் சைக்கிளுக்குத் தடை. அதனால் ஃபோக்ஸ்டனில் அவர்கள் சொல்லும் இடத்தில் போய் நிற்க வேண்டும். வேன் வரும், பின்னால் ட்ரெய்லர். சைக்கிளை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் வேனுக்குள் இருக்க வேண்டியதுதான். வேன் ரயிலுக்குள் ஏறும், அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் ஒன்றும் நடக்காது, ட்ரெய்லரில் இடம் கொஞ்சம்தான். ஃபுரூம் போன தூரத்தை நீங்களும் சைக்கிளோடு போனதாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆர் கேட்கப்போகினம்.

லண்டன்–பாரிஸ் பயணிகள் ரயிலான யூரோஸ்டாரை நம்பி இருக்க வேண்டாம். சைக்கிள் விஷயத்தில் அவர்கள் விதி அடிக்கடி மாறியிருக்கு. 2015-இல் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டால்தான் ஏற்றுவோம் என்று அறிவித்து, பெரிய எதிர்ப்பு வந்து, கொஞ்சம் இறங்கிவந்தார்கள். கொரோனாவோடு அதுவும் நின்றது. டிக்கெட் எடுக்கும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கப்பல். டோவர் துறைமுகத்தில் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போவது கொஞ்சம் பயம்தான், ஆனால் வழி குறித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையை டோவரிலேயே முடித்துவிடுவார்கள். கப்பலின் அடித்தட்டில் கார்களுக்கு முன்னமோ பின்னமோ ஏற்றிவிட்டு, ஓரத்துக் கம்பியில் கயிற்றால் கட்டச் சொல்வார்கள். உங்கட கயிறு ஒன்றும் கொண்டுபோங்கோ. அங்கே இருக்கும் கயிற்றில் எண்ணெய் பிடித்திருக்கும், கைப்பிடியும் பையும் பாழாகும்.

மற்றது, தம்பி, இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேணும். பிரிட்டனில் இருக்கும் அனுமதி மட்டும் பிரான்ஸுக்குள் விடாது. வசந்தகாலத்துக்கு என்றால் இப்பவே நேரம் எடுத்து வையுங்கோ.

---

தெம்ஸ்கரை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. என்னிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, மைத்துனரிடம் இந்தியக் கடவுச்சீட்டு. சுரங்கத்தைப் பற்றிப் பேசிப் பேசி விசாவை மறந்தேவிட்டார் மனிதர்.

இரும்புப்பாதைக்கு ஒரு கேள்வி. சாதாரணப் பயணிகள் யாராவது பணிச் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா? தீ மாதிரி பெரிய விபத்து இல்லாமலேயே?

---

இரும்புப்பாதை எழுதியது:

பார்த்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் கலேயிலிருந்து ஃபோக்ஸ்டன் போன கார் ரயில் ஒன்றில் எச்சரிக்கை மணி அடித்து, ரயில் உள்ளேயே நின்றுவிட்டது. பயணிகளைக் காரை விட்டு இறக்கி, குறுக்குப் பாதை வழியாகப் பணிச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கே நடக்கவைத்து, வேறொரு ரயிலில் ஏற்றினார்கள். பல மணி நேரம் ஆயிற்று. குழந்தைகளோடு, நாயோடு மக்கள் அந்தக் குழாயில் வரிசையாக நடக்கும் படங்கள் அப்போது எல்லா இடத்திலும் வந்தன. உங்கள் மைத்துனருக்கு அந்தப் படங்களைக் காட்டுங்கள். சாலையின் அகலம் எவ்வளவு, அத்தனை பேர் நிற்கும்போது மீதி எவ்வளவு இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

---

ஓடைமரம் எழுதியது:

படங்களைத் தேடிப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு நாள் என்ற கோரிக்கையை நான் இன்னும் விடவில்லை. ஆனால் ஆயிரம் பேர் வேண்டாம், ஐம்பது பேர், குலுக்கல் முறையில், கூடவே வண்டி. ஒரு விளம்பரத்துக்காகச் செய்ததை ஒரு மருத்துவமனை நிதிக்காகச் செய்யலாம்.

---

இரும்புப்பாதை எழுதியது:

ஐம்பது பேர், கூடவே வண்டி, பராமரிப்பு இல்லாத நேரம் பார்த்து என்றால், பொறியியல் ரீதியாக நான் "முடியவே முடியாது" என்று சொல்லமாட்டேன். அதற்குமேல் பழையபேப்பர் சொன்ன மேசைகள்தான்.

---

லாச்சப்பல் எழுதியது:

தெம்ஸ்கரை தம்பிக்கு இன்னொரு வழி. கலேயை விட்டுவிட்டு நியூஹேவனில் இருந்து டியெப் போகும் கப்பலைப் பாருங்கோ. நாலு மணித்தியாலம் எடுக்கும், ஆனால் இறங்கியதும் உங்களுக்குச் சொர்க்கம். டியெப்புக்குக் கொஞ்சம் வெளியே இருந்து ஃபோர்ஜ்-லே-ஓ வரைக்கும் பழைய ரயில் பாதையைத் தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்றம் தெரியவே தெரியாது, கார் இல்லை, பழைய ஸ்டேஷன் கட்டடங்களும் ஆப்பிள் தோட்டமும் மாடும்தான். லண்டன்–பாரிஸ் பச்சைப் பாதை என்று 2012-இல் திறந்த வழியின் பிரெஞ்சுத் துண்டு அது. கடையள் ஞாயிறு மத்தியானம் பூட்டிவிடும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கோ. பாரிஸ் வந்தால் எங்கட தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் தோசை சாப்பிடலாம்.

---

தெம்ஸ்கரை எழுதியது:

மைத்துனரிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். நார்வே பதிவைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார். பிறகு சமரசம்: போகும்போது நியூஹேவன்–டியெப், திரும்பும்போது கலேயிலிருந்து அந்த வேனில், சுரங்கத்துக்குள். ஏதாவது சரிப்படாமல் போகுமா?

---

லாச்சப்பல் எழுதியது:

நல்ல திட்டம்தான். வேன் இடத்தை முதலில் பதிவு செய்து, அந்தத் திகதியை வைத்துக்கொண்டு பிறகு கப்பல் டிக்கெட் எடுங்கோ. கப்பலில் எப்பவும் இடம் இருக்கும், ட்ரெய்லரில் இராது. விசாவில் போடும் திகதிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கேளுங்கோ, நோர்மண்டியில் மழை பிடித்தால் சைக்கிள் நினைத்த நாளுக்குப் போய்ச் சேராது.